கோணிப்பையிற் கிடந்த ஊர் வரலாறு
(குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



கோபுரம் புதுவண்ணம் பெற்றது, கலசங்கள் நீராட்டப்பெற்றன, நம் கண்கள் குளிர்ந்தன. இந்நன்னாளில் புதியனவற்றைப் பாராட்டப் பலர் உளர். அடியேன் பழையதொன்றைப் பற்றிப் பேச விழைகின்றேன்.

மடைப்பள்ளியை அடுத்த சிற்றறையைத் திருப்பணிக்காக ஒழித்தபோது, இரண்டு மரப்பெட்டிகளும் மூன்று கோணிப்பைகளும் வெளிப்பட்டன. ஏட்டுச்சுவடிகள், நெல்வரவுக் கணக்குகள், குத்தகைச் சீட்டுகள், பழைய திருவிழாப் பத்திரிகைகள் யாவும் அவற்றுட் கலந்து கிடந்தன. இளந்தொண்டர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, இக்குப்பையை முல்லையாற்றில் விட்டுவிடலாமா?" என்று வினவினார். அவர்மேற் குற்றமில்லை, அவர் கேட்டார். கேளாமலே விட்டவர்கள் எத்தனையோ பேர்!

சைவர்களாகிய நமக்கு இஃது அறியாத செய்தியன்று. தில்லையில் அடைபட்ட அறையிலிருந்து தேவார ஏடுகளை இராசராச சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பிகளும் வெளிக்கொணர்ந்ததையும், அவற்றுட் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்ததையும் திருமுறைகண்ட புராணம் உரைக்கின்றது. இன்று நம் கையிலிருப்பவை 800-க்குச் சற்றுக் குறைவான பதிகங்களே. அழிந்தன என்று எண்ணியிருந்தவற்றுள் ஒன்று, திருஞானசம்பந்தர் அருளிய திருவிடைவாய்ப் பதிகம், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. ஏடு கைவிட்டதைக் கல் காத்துத் தந்தது. அக்கல்லைத் திருப்பணியென்ற பெயரால் யாரேனும் கொத்தியிருந்தாலோ, சுண்ணம் பூசி மூடியிருந்தாலோ, மணலை வீசித் தேய்த்திருந்தாலோ என்னாவது? கோயிற் பழமைக்குப் பேராபத்து நேர்வது புறக்கணிப்பால் மட்டுமன்று. நம் ஆர்வத்தாலும் நேர்கின்றது. குடமுழுக்கு மேடையில் நின்று இதனைச் சொல்லுதல் பொருந்துமோ என்று ஐயுற்றேன், பிறிதெங்கே சொல்வது?

நம் பள்ளத்தாக்கின் பெருமையைப் பாருங்கள். சின்னமனூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் சிறியன, பெரியன என இருவகை. பெரிய செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இராசசிம்மபாண்டியன் காலத்தது. பாண்டியர் மதுரையிற் சங்கம் அமைத்ததையும் பாரதத்தைத் தமிழாக்குவித்ததையும் கூறும் சான்றாக அறிஞர் அதனை எடுத்தாளுகின்றனர். தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் இறுதிப்பகுதியாக அச்செப்பேடுகள் 1929இல் அச்சேறின. செம்பென்று எண்ணி உருக்கியிருந்தால், ஒரு குடமோ இரண்டு குடமோ கிடைத்திருக்கும்!

ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்ட நடுகற்களோ இன்னும் தொன்மையானவை. கிறித்துவுக்கு முற்பட்ட தமிழ் எழுத்துடையவை. அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோளைக் குறிக்கின்றது. தொல்காப்பியத்தில் நாம் பாடமாகப் படித்த சொல் வயலோரக் கல்லில் நின்றது.

இனி என் பிழையொன்றைச் சொல்கின்றேன். மடத்திற் பயின்ற இளமையில், ஓரூர்க் கோயிலின் ஏடுகளைச் சீர்செய்யச் சென்றேன். கற்றவன் என்ற செருக்கு எனக்குச் சற்று உண்டு. சுவடிக் கட்டுகளையெல்லாம் அவிழ்த்து, தோத்திரம் ஒருபால், மருத்துவம் ஒருபால், சோதிடம் ஒருபால் என்று அடுக்கினேன், பழங்கயிறுகளை எறிந்தேன். ஊரார் பாராட்டி மாலையும் இட்டனர். சில ஆண்டுகளுக்குப்பின், ஒரு திருவிளக்குக் கட்டளை எக்குடும்பத்தினது என்ற வினா எழுந்தது. கட்டளைச் சீட்டு இருந்தது. பெயரெழுதிய முனை முறிந்திருந்தது. அஃது எந்த வீட்டுச் சுவடிகளோடு கட்டப்பட்டிருந்தது என்று தெரிந்தால் விடை கிடைத்திருக்கும். தெரிவித்திருக்கக்கூடிய கயிற்றை எறிந்தவன் நான். அவ்விளக்கு நெடுநாள் எரியவில்லை.

ஆகவே இப்பெட்டிகளை யாரும் அவசரப்பட்டு ஒழுங்குசெய்ய வேண்டா. எந்தப் பையில், எந்தக் கட்டில், எதன்கீழ் எது கிடந்ததோ, அம்முறையிலேயே எண்ணிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுக. எழுதுமுன் நிழற்படம் எடுத்துக்கொள்க. பொருள்வாரிப் பட்டியலைப் பிறகு ஏட்டில் அமைக்கலாம். பொருள்களைக் கலைக்க வேண்டுவதில்லை. ஓலைகளை மென்துகிலாலோ மென்தூரிகையாலோ துடைத்து நிழலிலே காற்றாட வைக்கலாம், வெயில் ஆகாது. எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுதலும் மையாடுதலும் பழகிய கையினர் செய்ய வேண்டியவை. காகிதத்தில் எண்ணெய் படவே கூடாது; துருவேறிய குண்டூசிகளைக் கிழியாமல் மெல்ல நீக்குக. செப்பேடு கிடைத்தால், பூசைப் பாத்திரம்போற் புளியிட்டுத் துலக்கிவிடாதீர்கள், தாய்மார்களே!

நெற்கணக்கு என்ன பெரிய வரலாறு என்பார் உளர். 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து நம் பள்ளத்தாக்கில் இறங்கியது. அதற்கு முன்னும் பின்னும் கோயில் நிலம் எவ்வளவு விளைந்தது, குத்தகை எவ்வாறு உயர்ந்தது, எந்த ஆண்டு மழை பொய்த்துத் திருவிழாச் சுருங்கியது என்பனவெல்லாம் இத்தகைய கணக்குகளிலன்றி வேறெங்கே கிடைக்கும்?

உபயதாரர்களுக்கு ஒரு விண்ணப்பம். குழல்விளக்கின்மேற் பெயரெழுதி ஒளியை மறைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இங்கு வேண்டுவன கரையான் ஏறாத இரும்புப் பேழைகள் இரண்டு, ஈரம் புகாத ஓர் அறை, எழுதத் தெரிந்த இளைஞர் நால்வர். மண்டலாபிடேகம் நிறைவுற்ற மறுநாட்காலை அப்பெட்டிகளை அலங்கார மண்டபத்தில் திறக்கவிருக்கின்றோம். அடியேன் வருவேன்; கண் மங்கியதால் ஏடு படிக்க ஒருவர் துணை வேண்டும். அந்த இளந்தொண்டர் வருவதாக இசைந்திருக்கின்றார்.