திமிங்கிலம் மீனா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பிராணிகளை எப்படி வகைப்படுத்துவது என்பதாகும். "இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உரிய பாடமல்லவா, பெரியவர்களுக்கு இதனால் என்ன பிரயோசனம்?" என்று சிலர் நினைக்கலாம். ஒன்றை இன்ன வகையைச் சேர்ந்தது என்று ஒருவர் சொன்னால், "எந்த ஆதாரத்தைக்கொண்டு சொல்லுகிறீர்?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுவதற்குப் பிராணி நூல் மிகவும் நல்ல இடம் என்பது நமது அபிப்பிராயம்.

சாதாரணமாக நாம் எப்படிப் பிரிக்கிறோம்? தண்ணீரில் நீந்தினால் மீன். ஆகாயத்தில் பறந்தால் பறவை. சிறிதாக இருந்து பல கால்களால் ஓடினால் பூச்சி. அதனால்தான் திமிங்கிலத்தை மீன் என்கிறோம். வௌவாலைப் பறவை என்கிறோம். முதுகெலும்பே இல்லாத ஒன்றுக்கு நட்சத்திர மீன் என்று பெயர் வைத்திருக்கிறோம். சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்கிறோம். பூச்சி என்றால் ஆறு கால்தான். எட்டுக் கால் என்று எண்ணிய பிறகும் பூச்சி என்றே சொல்லுகிறோம் என்றால், கண்ணைவிட வழக்கத்தை அதிகம் நம்புகிறோம் என்பதுதானே பொருள்?

நமது பழைய தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. வாழும் இடத்தைப் பாராமல் புலனைப் பார்த்துப் பிரிக்க அவ்வளவு காலத்துக்கு முன்பே முயன்றது பாராட்டத்தக்கதே. ஆனால், பழையது என்பதற்காக அப்படியே ஒப்புக்கொள்ள முடியுமா? அதில் சிதல் என்னும் கரையானும் எறும்பும் மூவறிவு; நண்டும் தும்பியும் நான்கறிவு. கரையான், எறும்பு, தும்பி மூன்றையும் பிடித்து வைத்துப் பார்த்தால், மூன்றுக்கும் ஆறு கால். மூன்றுக்கும் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பாகம். பெரும்பாலான எறும்புகளுக்குக் கண்ணும் உண்டு. ஆகவே இம்மூன்றும் ஒரே வகுப்பு; நண்டு சற்றுத் தூரத்து உறவு. இதைச் சொல்லுவது முன்னோரை அவமதிப்பதாகாது. அவர்கள் தொடங்கிய வேலையைத் தொடர்வதேயாகும்.

நிற்க, இன்றைய விஞ்ஞானம் முதலில் பார்ப்பது உடலமைப்பை. முதுகெலும்பு உள்ளவை, இல்லாதவை என்பது வசதியான ஒரு பிரிவு. இல்லாதவையே மிகப் பெருங்கூட்டம். உடலெல்லாம் துளையான கடற்பஞ்சு ஒரு வகை. கொட்டும் தன்மையுள்ள சொறிமுட்டையும் பவளமும் ஒரு வகை. வளையம் வளையமான மண்புழுவும் அட்டையும் ஒரு வகை. மெல்லிய உடலையுடைய நத்தை, சிப்பி, கணவாய் ஒரு வகை. முட்தோலையுடைய நட்சத்திர மீன் ஒரு வகை. கணுக்கணுவான கால்களையுடைய பூச்சி, சிலந்தி, நண்டு, பூரான் எல்லாம் சேர்ந்து ஒரு வகை. பூச்சிகளில் மட்டும் இதுவரை பெயரிடப்பட்டவை ஏறக்குறைய 10 லட்சம் இனங்கள்.

முதுகெலும்புள்ளவற்றைப் பொதுவாக ஐந்தாகச் சொல்லுவார்கள். செவுளால் சுவாசித்துத் துடுப்பால் நீந்துவது மீன், பெரும்பாலும் இளமையில் நீரிலும் பிறகு நிலத்திலும் வாழும் ஈரத் தோலுடைய தவளை முதலியவை ஒரு வகுப்பு, செதிலுள்ள தோலையுடைய பல்லி, பாம்பு, ஆமை, முதலை ஆகியவை ஊர்வன, இறகுடையவை பறவை, மயிருடையவையும் குட்டிக்குப் பால் கொடுப்பவையும் பாலூட்டிகள். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வௌவாலுக்கு இறகில்லை, மயிருண்டு. அது பால் கொடுக்கிறது. அதற்குமேல் விவாதத்துக்கு என்ன இருக்கிறது? திமிங்கிலமும் நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. அதன் துடுப்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே நம் கைவிரல் எலும்புகளைப் போன்ற எலும்புகள் இருக்கின்றன.

சுவீடன் தேசத்து லின்னேயஸ் 1735-இல் வெளியிட்ட நூலில் திமிங்கிலத்தை மீனோடுதான் வைத்தார். 1758-இல் வந்த பத்தாம் பதிப்பில் அதை எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்தார். தாம் எழுதியதையே தாம் மாற்றினார். அதனால் அவர் பெருமை குறையவில்லை. ஆனால், 1818-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு நடந்தது. மீன் எண்ணெயை அதிகாரி பரிசோதிக்க வேண்டும் என்பது சட்டம். "என்னிடம் இருப்பது திமிங்கில எண்ணெய், திமிங்கிலம் மீனல்ல" என்பது வியாபாரியின் வாதம். மிச்சில் என்ற விஞ்ஞானி மீனல்ல என்றே சாட்சி சொன்னார். ஜூரிகளோ அதிகாரியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பைக் கேட்டு எந்தத் திமிங்கிலத்துக்காவது செவுள் முளைத்ததா? ஒரு பிராணி என்ன வகை என்பது கை தூக்கித் தீர்மானிக்கக்கூடிய காரியமன்று.

வகுப்புக்கு அடங்காத பிராணி வந்தால் என்ன செய்வது? ஆஸ்திரேலியாவில் வாத்தின் அலகும் மயிருடம்பும் உள்ள பிளாட்டிபஸ் என்ற பிராணி உண்டு. 1799-இல் லண்டனில் அதன் தோலைப் பரிசோதித்த ஷா என்பவர் யாரோ அலகை ஒட்டி ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகித்தார். அது முட்டையிடுகிறது என்பது 1884-இல் நிச்சயமாயிற்று. "பாலூட்டி முட்டையிடக்கூடாது, ஆகவே இது பொய்" என்று சொல்லவில்லை. பாலூட்டிகளில் முட்டையிடுபவையும் உண்டு என்று நூலைத் திருத்திக்கொண்டார்கள். இன்றும் திருத்தம் நிற்கவில்லை. முதலைக்கு இன்று உயிரோடிருப்பவற்றில் நெருங்கிய உறவு பல்லியன்று, பறவையே என்று புதைபடிவமும் மரபணுவும் காட்டுகின்றன.

கடைசியாக மனிதன். லின்னேயஸ் மனிதனைக் குரங்கோடு ஒரே வரிசையில் துணிந்து வைத்தார். ஆனால் அவரே மனிதர்களைத் தேசத்தையும் நிறத்தையும் கொண்டு நான்காகப் பிரித்து, இன்ன நிறத்தார் இன்ன குணத்தார் என்றும் எழுதிவிட்டார். திமிங்கிலத்தை மாற்றி வைத்தவர், இங்கே தம் ஊர்க்காரர்களின் பேச்சையே ஆராய்ச்சியாக எழுதிவிட்டார். அந்தப் பிரிவுக்கு உடலிலும் மரபணுவிலும் ஆதாரமில்லை என்று இன்று தெளிவாகிவிட்டது. எந்த நாட்டு ஆணும் எந்த நாட்டுப் பெண்ணும் கூடினால் பிள்ளை பிறக்கிறது. ரத்தம் வேண்டுமென்றால் டாக்டர் ரத்த வகையைக் கேட்கிறாரே தவிர, குலத்தைக் கேட்பதில்லை. மனிதர் அனைவரும் ஒரே இனம்.

ஆகவே, தோழர்களே! பிறப்பினாலேயே ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்று யாராவது வகைப்படுத்திக் காட்டினால், எட்டுக் காலை எண்ணிப் பார்த்தது போல அங்கேயும் எண்ணிப் பாருங்கள். என்ன உறுப்பு வேறாக இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், மாற்றப்பட வேண்டியது நூலே ஒழிய மனிதனல்ல என்று கூறி எமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.