ரொட்டி விலையும் புரட்சியும்

1789-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டையைப் பிடித்தார்கள். இது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அன்று அந்நகரில் ரொட்டி என்ன விலைக்கு விற்றது என்று கேட்டவர் எர்னஸ்ட் லப்ரூஸ் என்ற பிரெஞ்சுப் பொருளாதார சரித்திர ஆசிரியர்.

மன்னராட்சிக் காலத்து அதிகாரிகள் சந்தைகளின் தானிய விலையைக் குறித்து வைத்திருந்தார்கள். அக்குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்த லப்ரூஸ், 1933-லும் 1944-லும் இரு பெரிய நூல்களை வெளியிட்டார். புரட்சிக்குக் காரணம் வறுமையே என்று மிஷ்லே முன்னரே எழுதியிருந்தார். வளம் பெற்ற வணிக வகுப்பின் எழுச்சியே என்றார் ஜோரேஸ். இருவர் கூற்றிலும் உண்மை உண்டென்பதை லப்ரூஸின் கணக்குகள் காட்டின. 1726–41 ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டால், 1785–89-ல் விலைவாசி சுமார் 65 சதவிகிதம் ஏறியிருந்தது. கூலியோ சுமார் 22 சதவிகிதமே. நிலமுடையோர் செழித்தனர்; கூலிக்காரன் மெலிந்தான்.

இந்நிலையில் 1788-ல் விளைச்சல் பொய்த்தது. நமக்கு அரிசி எப்படியோ, அவர்களுக்கு ரொட்டி அப்படி. எட்டு ஒன்பது சூ விலையுள்ள நான்கு ராத்தல் ரொட்டி, 1789 பிப்ரவரியில் பதினான்கரை சூ ஆயிற்று. சாதாரணக் கூலியாளின் நாள் வருமானம் இருபது முதல் முப்பது சூ. குடும்பத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு ரொட்டி வேண்டும். கணக்கை நேயர்களே போட்டுக்கொள்ளலாம்.

லப்ரூஸ் கண்டவற்றுள் மிகச் சிறந்ததாக நான் கருதுவது இனிச் சொல்லப்போவதுதான். ரொட்டிக்கே காசெல்லாம் போய்விட்டால் துணி வாங்குவார் யார்? துணி விற்காவிடில் தறி நின்றுவிடும். ஆகவே ரொட்டி விலை உச்சத்தை எட்டும் மாதத்திலேயே நெசவாளி வேலையையும் இழக்கிறான். சிறு குடியானவனுக்கோ விற்பதற்குத் தானியம் இல்லை. அவனும் வாங்க வேண்டியவனாகிறான். பஞ்சம் வயலில் தொடங்கிப் பட்டறைக்குப் பரவும் வழி இதுவே.

அவ்வாண்டு ஏப்ரலில், கூலியைக் குறைக்க வேண்டுமெனச் சொன்னதாக ஒரு வதந்தி பரவவே, ரெவெய்யோன் என்ற சுவர்க்காகித உற்பத்தியாளரின் வீட்டை மக்கள் சூறையாடினர். பின்னாளில் ஜார்ஜ் ரூடே போலீஸ் ஏடுகளை ஆராய்ந்தபோது, பிடிபட்டோருள் அவருடைய சொந்தத் தொழிலாளர் எவரும் தென்படவில்லை! சினம் முதலாளி ஒருவர்மீது மட்டும் எழுந்ததன்று போலும்.

லப்ரூஸின் கூலிக் கணக்குகளைப் பிற்கால அறிஞர் சிலர் ஐயுற்றதுண்டு. விலையேற்றம் ஒன்றே அரசைக் கவிழ்த்துவிடும் என்பதற்குமில்லை. 1775-லும் தானிய விலை ஏறிக் கலகம் மூண்டது. படைகள் அதை அடக்கிவிட்டன. 1789-லோ கருவூலம் வறண்டு, மன்னர் பிரதிநிதிகள் சபையைக் கூட்ட நேர்ந்திருந்தது. அக்டோபர் 5-ஆம் தேதி பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சேல்ஸுக்கு நடந்தார்கள். மறுநாள் மன்னரையும் அரசியையும் இளவரசரையும் பாரிஸுக்கு அழைத்து வந்தபோது, அம்மூவருக்கும் அவர்கள் வைத்த பெயர்: ரொட்டிக்காரர், ரொட்டிக்காரி, ரொட்டிக்காரப் பையன்.