சொன்னவருக்குச் சட்டம் துணை

(பொம்மிடியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில் பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கியதுமே பழைய நினைவுகள் வந்துவிட்டன. அவற்றைச் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்வோம். எனக்குத் தந்த பத்து நிமிடத்தில், நான் செய்யத் தவறிய ஒரு காரியத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

2014-ல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளியூரில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தேன். பக்கத்துப் போர்ஷனில் எட்டு வயதுப் பெண் குழந்தை. உறவுக்காரர் ஒருவர் வந்து தங்கும் நாட்களில் மட்டும் அந்தக் குழந்தை வீட்டுக்குள் போகாது. இருட்டும் வரை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கும். எனக்கு மனசு உறுத்தியது. "நமக்கேன் வம்பு? தப்பா இருந்தா நம்ம மேலேயே கேஸ் போட்டுடுவாங்க"ன்னு பேசாமல் இருந்துவிட்டேன். மூன்று மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

என் சந்தேகம் தப்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் தப்பா சரியா என்று விசாரிக்க வேண்டியவன் நான் இல்லை. விசாரிக்க வேண்டியவர்களிடம் நான் சொல்லவே இல்லை. அதுதான் என் குற்றம்.

அப்போது போக்சோ சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று அமலுக்கு வந்த சட்டம் அது. எனக்குத்தான் தெரியாது. தெரிந்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் வந்தாலும், யாராக இருந்தாலும் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் அதற்காக சிவில் பொறுப்போ கிரிமினல் பொறுப்போ வராது என்று அதே பிரிவு உறுதி தருகிறது. ஆதாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வா என்று சட்டம் கேட்கவில்லை.

ஃபேக்டரியில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு இது சுலபமாகப் புரிகிறது. புகை வாசனை வந்தால் மணியடிக்கணும். எது எரியுதுன்னு கண்டுபிடிச்ச பிறகு அடின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று ஆனாலும், மணியடித்த தொழிலாளியை யாரும் தண்டிப்பதில்லை.

"அப்போ பொய்ப் புகாருக்குத் தண்டனை இருக்காமே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. 22-வது பிரிவு. ஆனால் அது ஒருவரை அவமானப்படுத்தவோ, மிரட்டவோ, பணம் பறிக்கவோ வேண்டுமென்றே பொய் சொன்னவருக்கு. கவலைப்பட்டுச் சொல்லி, அது தவறாகிப் போனவருக்கு அல்ல.

உண்மையில் ஆபத்து பேசாமல் இருப்பதில்தான். குற்றம் நடந்தது தெரிந்தும் மறைத்தால் 21-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும்.

இது ஏட்டுச் சட்டம் என்று நினைக்காதீர்கள். 2004 வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் 2024 ஆகஸ்டில் நடந்த போலி என்.சி.சி. முகாம் உங்களுக்கு நினைவிருக்கும். மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக எழுந்த அந்த வழக்கில், விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். மகாராஷ்டிராவில் விடுதி மாணவிகளுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் ஒருவர் தகவல் தரவில்லை என்ற வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு, தெரிந்தும் சொல்லாமலிருப்பது கடுமையான குற்றம் என்றது.

சரி, சொல்வது எப்படி? பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது. அடி, சூடு, பட்டினி போன்ற கொடுமைகளுக்கும் இதே எண்தான். போலீசில் சொன்னால் அதை எழுதி, பதிவு எண் போட்டு, உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அவர்கள் தெரிவிக்க வேண்டும். குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

நாம் செய்யக் கூடாததும் உண்டு. குழந்தையை உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் குழந்தையின் பெயரோ படமோ போடாதீர்கள். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

சட்டம் வழக்கைத் தடுக்கும். தெருக்காரர்களின் முறைப்பைத் தடுக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மிரட்டல் வந்தால் உடனே போலீசில் எழுதிக் கொடுங்கள். கடுமையான குற்ற வழக்குகளில் சாட்சிக்கு மிரட்டல் வந்தால், 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்கலாம்.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள், நர்ஸ் ஆவீர்கள், யாரோ ஒரு குழந்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஆவீர்கள். அந்தப் படிக்கட்டுக் குழந்தைக்கு இப்போது இருபது வயது இருக்கும். எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு போன் செய்திருக்கலாம். நான் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள்.