சயாமுக்குப் போனவர்களின் பெயர்கள்



ஈப்போ ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், எதிரே ஒரு கல் தூண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பேராக்கிலிருந்து சென்று உயிர் நீத்தவர்களுக்காக எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் அது. பிற்காலத்துப் போர்களுக்கும் அதில் பலகைகள் பதித்தார்கள். சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்டவர்களை நினைவுகூரும் பலகையும் அங்கே உண்டு.

ஊருக்கு ஊர் இப்படிக் கல் நாட்டும் வழக்கம் எப்படி வந்தது தெரியுமா? முதல் உலகப் போரில் இறந்தவர்களின் உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டிஷ் அரசாங்கம் முடிவு செய்தது. மகன் எங்கோ பிரான்சு நாட்டு மண்ணில் கிடக்கிறான். தாய் பூ வைத்து அழுவதற்கு ஒரு குழிமேடு இல்லை. ஆகவே இங்கிலாந்தின் சின்னஞ்சிறு கடற்கரை ஊர்களில் கூட, போனவர்களின் பெயர்களை ஊர் நடுவே கல்லில் வெட்டி வைத்தார்கள். மீன் பிடிக்கப் போனவன் பெயரும் பெரிய வீட்டுப் பிள்ளையின் பெயரும் ஒரே கல்லில் இருக்கும். உடல் வராத இடத்தில் பெயராவது இருக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். நம்மவர்களும் போனார்கள். அவர்கள் உடல்களும் திரும்பவில்லை. பெயர்கள் எங்கே?

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் கரையேறியது. அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் கைக்குப் போய்விட்டது. கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை பிரிட்டிஷ், இந்தியப் படைகள் எதிர்த்து நின்றன. போர்க்களங்களிலும் கிராமங்களிலும் புதைக்கப்பட்டிருந்த போர் வீரர்களைப் பிற்பாடு தைப்பிங் போர்க் கல்லறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அங்கே அடங்கியிருப்பவர்களில் 500க்கும் மேற்பட்டவர்கள் யார் என்றே தெரியாதவர்கள். ஆனாலும் அவர்களுக்கும் கல் உண்டு.

போர் வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால் வெட்டினாலும் வாங்க ஆள் இல்லை. அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அந்த நிலையில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்ற பேச்சு லயங்களுக்கு வந்தது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளிச் சம்பளம், சாப்பாடு உண்டு என்றார்கள். பசித்த வயிறு நம்பியது. நம்பாதவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இத்தனை தலை வேண்டும் என்று தோட்டங்களுக்குக் கணக்கு வந்தது; படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து லாரியில் ஏற்றியதும் உண்டு. மலாயாவிலிருந்து ஏறக்குறைய 75,000 பேர் போனதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

சாமான் ஏற்றும் ரயில் பெட்டிகளில் நாட்கணக்கில் அடைபட்டு பான் போங் என்னும் ஊர் வரை பயணம். அங்கிருந்து காட்டு வழியே கால்நடை. பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மறுமுனை பர்மாவின் கடலோரப் பகுதியிலுள்ள தன்பியூசாயா. 1942இல் தொடங்கிய வேலையை 1943 அக்டோபரில் முடித்தார்கள்.

அதே பாதையில் 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளும் வேலை செய்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் நம்மவர்கள் இறந்த விகிதம் அதைவிட மிக அதிகம். ஏன் என்று கேட்பீர்கள். கைதிகளும் பட்டினிதான், அவர்களுக்கும் அடிதான். ஆனால் அவர்கள் ஒரு படையாக இருந்தார்கள். கூடவே மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே, கழிவுக்குழியைத் தள்ளித் தோண்டு என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது, நம்மவர்களின் முகாம்களில் இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள்.

பெயர் விஷயத்திலும் இதே கதைதான். படை என்றால் பட்டியல் உண்டு. யார் எந்த முகாமில் எந்த நாளில் இறந்தான் என்று கைதிகள் ஜப்பானியருக்குத் தெரியாமல் குறித்து மறைத்து வைத்தார்கள். 1945 செப்டம்பரில் ஒரு குழு அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு பாதை நெடுகத் தேடி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளைக் கண்டுபிடித்தது. இன்று காஞ்சனாபுரியில் மட்டும் சுமார் 7,000 பேர் வரிசை வரிசையாகக் கல்லுக்கடியில் உறங்குகிறார்கள். நம்மவர்களுக்கு எழுதியவர் எவர்? தோட்டத்தில் இருந்தவரை பிரட்டுக்களத்தில் கிராணி பெயர் கூப்பிட்டார்; செக்ரோலில் பெயர் ஏறியது. சயாம் ரயிலில் ஏறிய பிறகு அவர்கள் வெறும் தலைக்கணக்கு.

அதே ஆண்டுகளில் இன்னொரு கூட்டமும் போனது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943இல் சிங்கப்பூர் வந்த பிறகு, தோட்டத்து இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்களுக்கென அமைந்த ஜான்சி ராணிப் படையில் ஈப்போவிலிருந்து ராசம்மாளும் அவர் தமக்கை பொன்னம்மாளும் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் ஆசிரியையாகப் புகழ்பெற்ற ராசம்மா பூபாலன்தான் அவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் பெயர்கள் புத்தகங்களில் ஏறின. அதே படையில் அவர்களோடு துப்பாக்கி பிடித்த தோட்டத்துப் பெண்கள் பலரின் பெயர்கள் ஏறவில்லை. இது யாருடைய குற்றமும் அல்ல. ஆனாலும் மனத்தை உறுத்துகிறது.

சயாமுக்குப் போனவர்களின் மனைவிமார் பட்ட பாட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. புருஷன் இருக்கிறானா, இல்லையா? கும்பிடுவதா, காத்திருப்பதா? இறந்த நாள் தெரிந்தால் அல்லவா திதி கொடுக்க முடியும்? நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் படையலிடுவது நம் வழக்கம். உங்கள் வீட்டிலும் பாட்டி ஆடி அமாவாசையன்று யாருக்கென்று சொல்லாமல் ஓர் இலை கூடப் போட்டிருந்தால், அது யாருக்கு என்று விசாரித்துப் பாருங்கள்.

காஞ்சனாபுரியில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தில், அங்கே மாண்ட தமிழர்களுக்காக 2023இல் நடுகல் ஒன்று நாட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதில் வெட்டுவதற்குரிய பெயர்களைத் தாய்லாந்தில் தேடினால் கிடைக்காது. அவை நம்மிடம்தான் இருக்கின்றன. பேராக்கில் எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. லயத்து மக்கள் சிதறிப்போனார்கள். போனவர்களை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளுக்கும் வயதாகிவிட்டது.

ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். போனவர் பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த டிவிசன், ஊர் எது, கூடப் போனவர் யார், திரும்பினாரா என்று எழுதுங்கள். பட்டப்பெயர் மட்டும் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த லயத்துக்காரர் முழுப் பெயரைச் சொல்லக்கூடும். பழைய பிறப்புப் பத்திரங்களில் தகப்பனார் பெயரும் தோட்டமும் இருக்கும். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் கணக்கு யாரிடமாவது இருந்தால், போருக்கு முன் வரி கொடுத்தவர்களில் போருக்குப் பின் காணாமற்போனவர்கள் யார் என்று பாருங்கள். எழுதியதை இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றைக் கோயிலிலோ தமிழ்ப்பள்ளியிலோ கொடுத்து வையுங்கள்.