அடிமையின் பெயர் ஆசிரியரின் பெயரானது



ஆங்கிலத்தில் ஆசிரியரைக் குறிக்கும் ‘பெடகாக்’ என்னும் சொல்லின் வரலாற்றை இவ்வெள்ளி விழாவில் எடுத்துரைக்க விழைகிறேன். கற்பித்தற் கலைக்கு வழங்கும் ‘பெடகாஜி’ என்னும் பெயரும் இதன் கிளையே.

கிரேக்க மொழியில் ‘பைஸ்’ என்றால் குழந்தை. ‘அகோகோஸ்’ என்றால் அழைத்துச் செல்பவன். இவ்விரண்டும் இணைந்து ‘பைடகோகோஸ்’ ஆயிற்று. ஆனால், பண்டைய ஏதென்சில் அப்பெயருக்குரியவன் ஆசிரியன் அல்லன், அடிமை. செல்வர் வீட்டுச் சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதும், அவன் ஒழுக்கத்தைக் கண்காணிப்பதும், மீண்டும் வீடு சேர்ப்பதும் அவ்வடிமையின் கடமைகள். பெரிக்ளிஸ், தம் பாதுகாப்பில் வளர்ந்த ஆல்சிபையாடீசுக்கு, முதுமையால் வேறு வேலைக்கு உதவாத சோபிரஸ் என்னும் திரேசிய அடிமையை அமர்த்தினார் என்று பிளேட்டோவின் பெயரால் வழங்கும் நூலொன்று கூறுகிறது.

‘ஸ்கூல்’ என்னும் சொல்லுக்கு மூலமான ‘ஸ்கோலே’ என்பதன் பொருள் ஓய்வு. ஓய்வுடையோர்க்கே கல்வி என்பது அக்காலத்து நியதி. நாள்தோறும் பள்ளிக்குச் சென்று வகுப்பின் ஓரத்தில் அமர்ந்திருந்தாலும், அடிமை மாணவனாகக் கருதப்படவில்லை. இத்தகைய நியதி நம் பாட்டன்மார் அறியாததன்று.

ரோமானியர் அச்சொல்லைத் தம் மொழியில் ஏற்றனர். அங்கே கிரேக்க அடிமைகள் சிறுவர்க்குத் தம் மொழியையும் பயிற்றினர். இவ்வாறு துணை சென்றவனின் பெயர் மெல்ல மெல்லக் கற்பிப்பவனைச் சுட்டலாயிற்று. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு மொழி வழியே ஆங்கிலத்தில் புகுந்தபோது, அது ஆசிரியனையே குறித்தது.

பெயர் உயர்ந்ததால் அடிமைகள் உயர்ந்துவிடவில்லை. கற்றவர் உயர்ந்தனர். எபிக்டீட்டஸ் என்பார் ரோமில் அடிமையாயிருந்தவர். ‘ஈட்டப்பட்டவன்’ என்பதே அப்பெயரின் பொருள். விடுதலை பெற்றபின் மெய்யியல் போதித்தார். பேரரசன் டொமிஷியன் மெய்யியலாரை ரோமிலிருந்து வெளியேற்றியபோது, கிரேக்க நாட்டு நிக்கோபொலிசில் பள்ளி நிறுவினார். பிற்காலத்தில் பேரரசர் மார்க்கஸ் அரேலியசும் அவருடைய உரைகளைப் பயின்றார்.

பெற்றோர்களே! பிள்ளையைப் பள்ளியில் சேர்த்ததோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. நடவுக்கென்றோ அறுப்புக்கென்றோ ஆண்பிள்ளையை இடையில் நிறுத்தாதீர்கள்; மணமுடிப்பதற்கெனப் பெண்பிள்ளையையும் நிறுத்தாதீர்கள். இக்கழகத்தின் துணையால் பட்டம் பெற்ற இளைஞர்களே! உத்தியோகம் பெற்று நகரம் சென்றபின்னும், நம் தெருப் பிள்ளை ஒன்றையேனும் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். அச்சொல்லின் முதற்பொருள் அதுவே. நாம் அதை எவர் ஏவலாலும் அன்றி, நம் விருப்பத்தால் செய்வோம்.