அயல்நாட்டுப் படிப்பும் கும்மிடிப்பூண்டி வண்டியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சர்வதேசக் கல்வி பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் போனில் சொன்னார். சர்வதேசக் கல்வி என்றாலே இன்றைக்கு எல்லோருக்கும் ஐ.இ.எல்.டி.எஸ்., விசா, ஏஜென்சி இதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்கு பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே போர்டு மாட்டியிருக்கிறார்கள். நான் பேச வந்தது வேறொன்று. பிற நாடுகளுக்குப் போய்ப் படிப்பதைப் பற்றியல்ல; பிற நாடுகளையே பாடமாகப் படிப்பதைப் பற்றி. இங்கிலீஷில் ஏரியா ஸ்டடீஸ் என்பார்கள். தமிழில் வட்டார ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அதன் மொழி, சரித்திரம், அரசியல், பிழைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பது. சரித்திரம் மட்டும் தெரிந்து மொழி தெரியாவிட்டால் பாதிக் கிணறுதான்.

நம் நாட்டில் இதற்கென்று 1955-இல் டெல்லி சப்ரூ ஹவுஸில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். 1970-இல் அது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. யு.ஜி.சி. உதவியோடு ஜெய்ப்பூரில் தெற்காசியா, பம்பாயில் ஆப்பிரிக்கா என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு திசை கிடைத்தது. நம் பக்கத்தில் திருப்பதிக்குத் தென்கிழக்கு ஆசியா. சென்னைக்குத் தெற்காசியாவும் தென்கிழக்கு ஆசியாவும். சென்னைப் பல்கலைக்கழக மையத்தைப் பேராசிரியர் வி. சூரியநாராயண் கட்டி வளர்த்தார். கச்சத்தீவு, பாக் நீரிணை மீனவர், அகதிகள் என்று டெல்லிக்காரர்கள் அதிகம் கண்டுகொள்ளாத விஷயங்களையெல்லாம் அந்த மையம் எடுத்துக்கொண்டது. நம் கடற்கரைக்கு அதுதானே அவசியம்?

இதற்கெல்லாம் முன்னாலேயே நீலகண்ட சாஸ்திரியார் சென்னையில் இருந்துகொண்டு ஸ்ரீவிஜயத்தின் வரலாற்றை எழுதி 1949-இல் வெளியிட்டார். தனிநாயகம் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. ஆக இது நமக்குப் புதுசாக இறக்குமதியான சரக்கு அல்ல.

சரி, இதற்கும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? மாணவர்கள் முகத்தில் அந்தக் கேள்வி தெரிகிறது. சொல்கிறேன்.

பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். மொலுக்காஸ் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கப் போனால் அங்கே வெள்ளிக்காசை விட நம்ம ஊர்த் துணிக்குத்தான் கிராக்கி. மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது வேறொன்றுமில்லை, புலிகாட், நம்ம பழவேற்காடு. துணி மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் இந்தக் கரையில் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டார்கள். பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் டச்சுக் கல்லறைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கப்பலேறிய நம்மவர்களுக்குக் கல்லறை ஏது?

இந்தக் கரையின் வணிகத்தைப் பற்றி நல்ல புத்தகம் எழுதியவர் சின்னப்பா அரசரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். மலாயாவிலும் பிறகு ஆஸ்திரேலியாவிலும் பேராசிரியராக இருந்தவர். புத்தகம் 1986-இல் வந்தது. அவரால் எப்படி முடிந்தது என்றால், டச்சு ஆவணங்களை டச்சிலேயே படித்தார். நம் ஊர்ச் சரித்திரத்தைப் படிக்க ஒரு டச்சு அகராதி வேண்டியிருக்கிறது பாருங்கள்!

மொழி என்றதும் ஞாபகம் வருகிறது. சென்னையில் ஏ.பி.கே.–ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்று ஒரு சங்கம் இருக்கிறது. ஜப்பானுக்குத் தொழிற்பயிற்சிக்குப் போய்த் திரும்பியவர்கள் சேர்ந்து வைத்தது. ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துகிறார்கள். தடா பக்கம் ஸ்ரீசிட்டியில் ஜப்பான் கம்பெனிகள் வந்த பிறகு அந்த மொழிக்கு எவ்வளவு மதிப்பு என்று சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'தோசோகாய்' என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? முன்னாள் மாணவர் சங்கம்! நம்மைப் போல ஒரு சங்கம்தான். நாம் வருஷத்துக்கு ஒரு தடவை கூடிச் சாப்பிட்டுவிட்டுக் கலைகிறோம். (சாப்பாடு பிரமாதம், அதைக் குறை சொல்லவில்லை.)

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் தினமும் போய் வந்தவர்கள். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் அதுவும் ஒன்று. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. அப்போதைய கணக்கில் மாநிலம் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறக்குறைய 58 ஆயிரம் பேர். நம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர்களில் சிலர் அங்கிருந்து வந்தவர்களாக இருக்கலாம். நாம் கேட்டிருக்க மாட்டோம்.

அவர்கள் எல்லோரையும் நாம் 'சிலோன்காரங்க' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அப்படி இல்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பரம்பரையாக வாழ்ந்தவர்கள் ஒரு பக்கம். இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டாமவர்களைப் பற்றித்தான் 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சொத்துப் பாகப்பிரிவினை மாதிரி! 1984-இல் தலைமன்னார்–ராமேசுவரம் கப்பல் நின்றுபோனது. இந்தியாவுக்கு மனு போட்டவர்கள் பலர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பிறகு சண்டைக்குப் பயந்து படகில் வந்தபோது அவர்களுக்கும் அகதி என்றே பேர் பதிந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து இன்னும் கடுமை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. அதே 2019-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, மலையகத்திலிருந்து வந்தவர்களின் வழக்கில், அவர்கள் விண்ணப்பித்தால் மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு வந்தது. நல்ல விஷயம்தான், ஆனால் குடியுரிமை வேறு, தண்டனை இல்லை என்பது வேறு.

கல்லூரியில் நான் பாடம் நடத்திய கடைசி வருஷங்களில் ஒருமுறை, முறைப்படி அனுமதி வாங்கி, ஐந்தாறு மாணவர்களை முகாமுக்கு அழைத்துப் போனேன். ஒரு வயதான அம்மா. ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தில் வவுனியாவுக்கு ஓடினார்; 1990-இல் ராமேசுவரம்; மண்டபத்திலிருந்து இங்கே. மஞ்சள் பைக்குள் பாலித்தீன் கவர், அதற்குள் இன்னொரு கவர். "இந்தத் துண்ட கொஞ்சம் பாருங்க சேர். எங்கப்பா பத்திரமா வையின்னு சொன்னது" என்று ஒரு காகிதத்தை எடுத்தார். துண்டு என்றால் அவர்கள் பேச்சில் சீட்டு. மடிப்பெல்லாம் கிழிந்து போயிருந்தது. என் மாணவி ஒருத்தி, இரண்டாம் ஆண்டு, தேதியைப் பார்த்துவிட்டு, "சார், இது அறுபத்தி நாலு ஒப்பந்தத்துக்கு அப்புறம் இந்தியாவுக்குப் போட்ட மனுவோட ரசீது மாதிரி இருக்கே?" என்றாள். அதுவேதான். அந்த ஒப்பந்தம் எங்கள் பாடத்தில் இரண்டு மார்க் கேள்வி. அந்த வீட்டில் அது மூன்று தலைமுறை வழக்கு. அந்தத் துண்டு என்னவென்று அத்தனை வருஷமாக அவர்களுக்கு யாரும் படித்துச் சொன்னதில்லை.

வக்கீல் ஒருவர் நகல் எடுத்துக்கொண்டார். முடிவு இன்னும் வரவில்லை. அந்த அம்மா போன ஆடியில் காலமாகிவிட்டார். மனு மகன் பேரில் இருக்கிறது.

இதனால்தான் நம் சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். கட்டிடம் வேண்டாம், அலங்கார வளைவு வேண்டாம். வருஷத்துக்கு நாலு மாணவர்களை, வரலாறும் அரசியலும் மட்டுமல்ல, வணிகவியல் பிள்ளைகளையும் சேர்த்து, உரிய அனுமதியோடு முகாமுக்கு அனுப்புவோம். அங்குள்ள பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். யார் யாரிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று, அவர்கள் சம்மதித்தால், நகல் எடுத்து வரிசைப்படுத்தி அவர்கள் கையிலேயே ஒரு பிரதி கொடுக்கட்டும். பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். 1990-இல் நாற்பது வயதில் வந்தவருக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது.

இன்னொன்று, சனிக்கிழமை சிங்கள வகுப்பு. சிரிக்காதீர்கள். முப்பது கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் பேசுகிற மொழியைப் படிக்கத் தெரிந்தவர் நம் கல்லூரியில் எத்தனை பேர்? ஆசிரியருக்குக் கொழும்பு வரை போக வேண்டாம். மலையகத்தில் வளர்ந்த பலருக்குச் சிங்களம் சரளம். சம்பளம் கொடுத்து மரியாதையாக 'டீச்சர்' என்று கூப்பிட்டு உட்கார வைப்போம். முகாம் பிள்ளைகள் நம் கல்லூரியில் படித்தால் அவர்களும் இதில் சேரட்டும், மாணவராகவும், ஆய்வாளராகவும்.

எவ்வளவு செலவாகும் என்று பொருளாளர் கண்ணாலேயே கேட்கிறார். இன்றைய பந்தல் செலவில் ஒரு வருஷம் ஓட்டலாம் ஐயா. சேர விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் போகுமுன் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். முதல் பெயர் என்னுடையது.