இருதயக் கோயிலின் கதவுகள்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோயில் கட்டப் பொருளில்லாத பூசலார் நாயனார் தம் இருதயத்திலேயே சிவபெருமானுக்குக் கோயில் எழுப்பினார் என்பதை நாம் அறிவோம். அவ்விருதயத்தைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம். ஆனால் இன்று அதனை வைத்திய நூலின் கண்கொண்டு நோக்குவோம்.

கைப்பிடியளவான இவ்வுறுப்பில் நான்கு அறைகளும், நான்கு கதவுகளும் உண்டு. இக்கதவுகளை வால்வுகள் என்பர். இரத்தத்தை முன்னே விட்டுப் பின்னே திரும்பாமல் தடுப்பது இவற்றின் வேலை. நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை வீதம், ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 தடவை இவை திறந்து மூடுகின்றன.

இருதய வியாதிகள் பல. பிறவியிலே வருவன உண்டு. முதுமையிலே வரும் மாரடைப்பும் உண்டு. நாம் இன்று எடுத்துக்கொள்வது இளமையிலே வந்து கதவைக் கெடுக்கும் வியாதி. ருமாட்டிக் காய்ச்சல் என்னும் வாதக் காய்ச்சலே அதன் மூலம்.

ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தொண்டை நோகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியே அதற்குக் காரணமாயிருந்தால், இரண்டு மூன்று வாரங்களின் பின் காய்ச்சல் வரலாம். முழங்காலில் தொடங்கிய வீக்கம் மற்ற மூட்டுகளுக்கும் தாவலாம். சில நாட்களில் எல்லாம் மறைந்துவிடும். ஆனால் வால்வில் விழுந்த வடு மறைவதில்லை. ஒரே காம்பிராவில் பலர் நெருங்கி உறங்கும் இடங்களிலேயே இக்கிருமி எளிதாய்ப் பரவுகிறது. லயத்தில் வாழ்வோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இடப்புறத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவேயுள்ள மைத்திரல் வால்வின் வாயில் 4 முதல் 6 சதுர சென்றிமீற்றர் அளவினது. வடுவினால் அது ஒன்றரைச் சதுர சென்றிமீற்றருக்கும் குறைந்தால், இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. மேடு ஏறினால் மூச்சு வாங்கும். படுத்தால் இருமல் வரும்.

இதனைக் கண்டறியும் வழிகள் யாவை? 1816இல் பிரான்சு தேசத்து லென்னக் கண்ட ஸ்டெதஸ்கோப் முதலாவது. பழுதான வால்வின் முணுமுணுப்பை வைத்தியர் அதனால் கேட்கிறார். பின்னர் ஈ.சி.ஜி.யும் எக்ஸ்ரேயும் வந்தன. 1953இல் சுவீடனில் எட்லரும் ஹேர்ட்ஸும் ஒலியலைகளைக் கொண்டு இருதயத்தின் அசைவைப் பதிந்தனர். இன்று எக்கோ என்று நாம் கூறும் பரிசோதனை அவ்வழி வந்ததே. அதில் கத்தியுமில்லை, நோவுமில்லை.

இருதயத்தைத் தொட்டால் உயிர் போய்விடும் என்று மேலைநாட்டு வைத்தியரும் ஒரு காலம் அஞ்சினர். 1925இல் லண்டனில் சௌட்டர் என்பவர், ஓர் இளம் பெண்ணின் இருதயத்துள் விரலை நுழைத்து வால்வை விரித்தார். அப்பெண் பிழைத்தாள். ஆயினும் வேறு நோயாளரை அவரிடம் யாரும் அனுப்பவில்லை! 1948இலேதான் அமெரிக்காவில் பெய்லியும் ஹார்க்கனும், இங்கிலாந்தில் புரொக்கும் அவ்வழியை மீண்டும் திறந்தனர். 1953இல் கிப்பன் இருதய நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு சத்திரசிகிச்சையில் வெற்றி கண்டார். 1960இல் செயற்கை வால்வு பொருத்தப்பட்டது. 1984இல் ஜப்பானியரான இனோவே, தொடை நாளத்தின் வழியே பலூனைச் செலுத்தி, நெஞ்சைப் பிளவாமலே வால்வை விரிக்கும் முறையை வெளியிட்டார். திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவான சித்ரா வால்வு 1990இல் முதன்முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. நமது நாட்டில் கொழும்பிலும் கண்டியிலும் அரசாங்க வைத்தியசாலைகளில் இருதய சத்திரசிகிச்சை நடைபெறுகிறது.

நண்பர்களே, இத்தனை அறிவும் நம் வாசலுக்கு எப்பொழுது வருகிறது? நாம் அறிந்த ஒரு பிள்ளைக்கு வாதக் காய்ச்சல் கண்டது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடவேண்டுமென்றார் வைத்தியர். ஊசிக்குப் போகும் நாளில் தாய்க்குப் பேர் விழாது, சம்பளம் போய்விடும். நோவு நின்றதும் ஊசியும் நின்றது. பின்னாளில் அவள் மலையேறும்போது கூடையை இறக்கி வைத்து உட்காருவாள். 'சோம்பேறி' என்றனர். அப்படிச் சொல்லிச் சிரித்தவர்களுள் நாமும் இருந்தோம். அவள் கர்ப்பமுற்று, மூச்சுத் திணறி, கண்டிக்குக் கொண்டு போன பின்னரே உண்மை தெரிந்தது. பலூன் சிகிச்சையால் அவள் பிழைத்தாள். ஆனால் அன்று நாம் சிரித்த சிரிப்பு இன்றும் நம் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது.

ஆகவே வாலிபர்களை வேண்டிக்கொள்கிறோம். ஊசி போட வேண்டிய பிள்ளைகளின் தினங்களை, பெற்றோர் இசைவுடன், ஒரு கொப்பியில் குறித்து வைப்போம். தாயின் நாட்சம்பளம் போகாதபடி, வலப்பனைக்கோ நுவரெலியாவுக்கோ பிள்ளையை நாமே மாறி மாறி அழைத்துச் செல்வோம். பெரியோர்களே, தொண்டை நோவுக்குத் திருநீறு பூசுங்கள். பூசிய கையோடு வைத்தியரிடமும் காட்டுங்கள். மூச்சு வாங்கும் பெண்ணை ஏசாதீர்கள்.

தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் கைகள் நம்மிடம் உள்ளன. அக்கைகளே ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து வைத்தியசாலைக்கு நடத்திச் செல்லட்டும். அதுவும் ஒரு கோயிற் பணியே.